மெக்கன்சி துரையும் நமது கிராம சரித்திரங்களும்

தென்னாட்டு ஊர்களின் பழைய வரலாற்றை எழுதப் புகும் எவரும் கர்னல் காலின் மெக்கன்சியின் பெயரைச் சொல்லாமல் ஓரடியும் நகர முடியாது. ஸ்தல புராணங்கள், பாளையக்காரர் வமிசாவளிகள், ஊர்க் கைபீதுகள் ஆகியவை அடங்கிய பெருந் தொகுதி அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. அப்பெயருக்குரிய மதிப்பைக் குறைக்க நாம் முன்வரவில்லை. ஆனால் அவருடன் உழைத்த நம்மவர் சிலரையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவருடைய ஜீவிய சரித்திரம் பூர்த்தியாகாது என்பது நமது அபிப்பிராயம்.

மெக்கன்சி 1754-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லூயிஸ் தீவில், ஸ்டார்னவே என்னும் துறைமுகத்தில் பிறந்தவர். அங்கே சுங்க உத்தியோகம் பார்த்துவிட்டு, 1783-ல் கும்பினியார் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஹிந்துக்களின் கணித சாஸ்திரத்தைப் பற்றி அறியும் ஆவலினால் மதுரைப் பண்டிதர்களுடன் சில காலம் பழகினார். பிறகு பல வருஷங்கள் யுத்தத்திலும் நில அளவையிலும் கழிந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், மைசூர் ராஜ்யத்தை அளக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

நம் நாட்டுச் சுவடிகளை மலைபோல் குவித்த இம்மனிதருக்கு நம் பாஷைகளில் தேர்ச்சி கிடையாது. அதை அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கண்ணும் காதுமாக வாய்த்தவர் ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா என்னும் இளைஞர். பழைய கன்னடக் கல்வெட்டுக்களைப் படித்தறிய வழி கண்டவர் அவரே. 1803-ல் அவர் இளம் பிராயத்திலேயே காலகதியடைந்தார். பின்னர் அவருடைய தம்பி லக்ஷ்மய்யா அந்த ஸ்தானத்தை ஏற்று, பண்டிதர்கள் பலரை நாலாதிசைகளிலும் அனுப்பி வேலையை நடத்தினார்.

அந்த வேலை எளிதன்று. கோயில் பூஜகர்களையும் கர்ணங்களையும் முதியவர்களையும் கண்டு பேச வேண்டும். ஏடுகளைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்க வேண்டும். கொடாதவரிடம் பொறுமையாக வாதாட வேண்டும். துரைமார் ஊர்க்கதை கேட்பது மானிய நிலத்தைப் பறிக்கவோ என்று குடிகள் அஞ்சினர். அவ்வச்சம் அறியாமையன்று. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்; 1801-ல் மருது சகோதரர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. கும்பினியின் ஒரு கை பாளையங்களை அழித்துக்கொண்டிருக்க, அதன் மற்றொரு கை பாளையக்காரரின் வமிசாவளிகளை எழுதி வாங்கிற்று. எனினும், அன்று எழுதி வாங்கப்பட்டிராவிடில் அவற்றுள் பல கறையானுக்கு இரையாகியிருக்கும் என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. இவ்விரண்டும் மெய்யே.

இத்தொகுப்புக்கு மெக்கன்சி தமது சொந்தப் பணத்தை ஏராளமாகச் செலவிட்டார். 1815-ல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலானார். கல்கத்தாவுக்குப் போகையில் தம் பண்டிதர்களில் சிலரையும் உடன் அழைத்துச் சென்றார். 1821 மே 8-ல் அவர் இறந்தபின், ராஜாங்கத்தார் அவருடைய மனைவியிடமிருந்து தொகுதியை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினர். 1828-ல் வில்ஸன் வெளியிட்ட அட்டவணையின்படி அதில் 1,568 இலக்கியச் சுவடிகளும், 2,070 ஊர் வரலாறுகளும், 8,076 கல்வெட்டுப் பிரதிகளும், 6,218 நாணயங்களும் இருந்தன. வில்ஸனுக்கோ தென்னாட்டுப் பாஷைகள் தெரியா. அட்டவணைக்கு ஆதாரமானவை பண்டிதர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளே.

இனிச் சொல்ல வேண்டியது மனத்தைப் புண்படுத்துவது. நின்றுபோன வேலையைத் தாமே தொடர்ந்து நடத்த அனுமதி வேண்டி 1830-களில் லக்ஷ்மய்யா விண்ணப்பித்தார். இக்களஞ்சியத்தின் சங்கதிகளை அவரைவிட அறிந்தவர் அன்று உயிரோடிருந்தாரில்லை. விண்ணப்பம் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் யோசனைக்குச் சென்றது. அதன் காரியதரிசியான ஜேம்ஸ் பிரின்ஸெப், இத்தகைய பெரிய காரியத்துக்குத் தலைமை வகிக்கும் ஆற்றல் ஒரு சுதேசியிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று என்ற கருத்தினராயிருந்தார். விண்ணப்பம் தள்ளப்பட்டது, வேலை டெய்லர் பாதிரியாரிடம் கொடுக்கப்பட்டது. அசோகர் சாஸனங்களைப் படித்துக் கீர்த்தி பெற்ற அதே பிரின்ஸெப்புக்குக் கமலாகாந்த வித்யாலங்காரர் என்னும் வங்காளப் பண்டிதர் துணைநின்றார் என்பதை வாசகர்கள் இங்கே நினைவுகூரலாம். மெக்கன்சி உயிரோடிருந்தால் லக்ஷ்மய்யாவைக் கைவிட்டிருப்பாரா? மாட்டார் என்றே எண்ணுகிறோம். போரய்யாவுக்குத் தாம் பட்ட கடனை அவர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டவர்.

தொகுதி பின்னர் லண்டன், கல்கத்தா, சென்னை என்று பிரிந்தது. தென்னாட்டுப் பாஷைச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவற்றின் சுருக்கங்களை டி. வி. மகாலிங்கம் இங்கிலீஷில் தொகுக்க, சென்னைச் சர்வகலாசாலையார் 1970-களில் இரண்டு பாகங்களாக வெளியிட்டனர்.

1816-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய வர்ணப் படம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தைச் சேர்ந்தது. சிவப்பு அங்கியணிந்து மெக்கன்சி நடுவே நிற்கிறார். அவரைச் சூழ்ந்து நம்மவர் மூவர் நிற்கின்றனர். ஒருவர் கையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி, மற்றொருவர் கையில் ஓலைச்சுவடி.