வன்னி மரங்காத்த ஜாம்போஜி மகான் சரித்திரம்

நம் பாரத தேசத்தின் மேற்றிசையிலே, ஆரவல்லி மலைத்தொடருக்கு அப்பால், மார்வாடம் எனப் பெயரிய பெருமணற்பரப்பு ஒன்று உளது. அங்கு மழை சில வருஷங்களிற் பெய்யும்; பல வருஷங்களிற் பெய்யாது. இத்தகைய நிலத்திற் றோன்றிய ஒரு பெரியார், தம்மையடைந்தோர்க்கு மோக்ஷ மார்க்கத்தை உபதேசிக்குங்கால், விறகடுப்பையும் ஆட்டுப்பட்டியையும் குடிநீர்க் குடத்தையும் அதனோடு சேர்த்தே உபதேசித்தனர். அவர் திருநாமம் ஜம்பேசுவரர். அன்பினால் ஜனங்கள் ஜாம்போஜி என்றழைப்பர். ராஜஸ்தானத்தில் அவர் பெயரைக் கேளாதார் அரியர். தமிழ்நாட்டிலோ கேட்டார் அரியர். ஆதலின் அவர்தம் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

நாகௌர்ச் சீமையைச் சேர்ந்த பீபாசர் என்னுங் கிராமத்தில், பன்வார் எனும் ராஜபுத்திர குலத்தவராகிய லோஹட்ஜி என்பார்க்கும் ஹம்ஸாதேவி என்பார்க்கும் ஏகபுத்திரராக, 1451-ஆம் வருஷம், கண்ணபிரான் அவதரித்த அஷ்டமித் திதியிலேயே இவர் பிறந்தனர். ஜோத்பூர் நகரம் நிருமாணிக்கப்பெறுதற்கு எட்டு வருஷம் முற்பட்ட காலம் அது. பிறந்து ஏழு வருஷம் வரையில் இவர் வாய் திறந்து பேசவில்லை யென்றும், பெற்றோர் பெரிதுங் கவலையுற்றன ரென்றும் கூறுவர். பேசத் தொடங்கிய பின்னரும் கல்விச்சாலையை நாடாது, தந்தையாரின் பசுநிரைகளை மேய்த்தலையே தொழிலாகக் கொண்டனர். ஒருநாள் இருநாள் அன்று. 27 வருஷகாலம் அவர் மாடு மேய்த்தனர்.

இப்பருவத்தில் இவர் செய்த அற்புதங்கள் பல அந்நாட்டில் வழங்குகின்றன. அவற்றை நாம் ஈண்டு விரித்திலோம். இருபத்தேழு வருஷம் ஒரே நிலத்தில், ஒரே ஆநிரையின் பின்னே நடந்து, எம்மரத்து நிழலில் எப்புல் முளைக்கின்றது, எவ்வருஷம் எக்கிணறு வற்றுகின்றது என்று கண்டுகொண்டேயிருந்த ஒருவர், அக்காட்சியினின்றே ஒரு தர்மத்தை வகுத்தனரெனின், அதுவே நமக்குப் போதிய அற்புதமாகும்.

அந்நிலத்தின் உயிர் ஒரு மரத்திற் றங்கியிருக்கின்றது. அங்குள்ளார் அதனைக் கேஜடி யென்பர். அது வேறொன்றுமன்று, நம் நாட்டு வன்னியே. விருத்தாசலத்தில் தலவிருக்ஷமாய் நிற்பது இது. பாண்டவர் தம் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாக நாம் கதை கேட்பதும், விஜயதசமியன்று கோயில்களில் அம்பெய்யும் உற்சவத்தில் நாம் காண்பதும் இம்மரமே. நாம் இதனைப் பூசைக்குரிய மரமென்ற அளவிலே நிறுத்திக்கொண்டோம். மார்வாடத்தார்க்கோ அது சோறிடும் மரம். அதன் வேர் மிக ஆழமாகச் சென்று நீரைத் தேடுதலின், வானம் பொய்த்த ஆண்டிலும் இலை பசுமை மாறாது. அவ்விலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. அதன் இளங்காயைச் சாங்கரி யென்று கறி சமைப்பர். முற்றி உலர்ந்த காயும் வீணாவதில்லை. அதன் வேர் மண்ணை வளப்படுத்தும் இயல்பினதாதலால், அதனடியில் விதைத்த கம்பு மற்றையிடத்துக் கம்பினும் செழித்து வளர்வதைக் குடியானவர் நெடுங்காலமாய் அறிவர். ஆகவே ஒரு வன்னியை வெட்டுவான், விறகு, தீனி, காய்கறி, எரு, நிழல் என்னும் ஐந்தையும் ஒரு கோடரியால் வெட்டியவனாகிறான்.

பெற்றோர் காலஞ்சென்ற பின்னர் ஜாம்போஜி தம் பொருள் முழுவதையும் தானஞ்செய்துவிட்டு, சம்ராதல் என்னும் மணற்குன்றின்மீது சென்றமர்ந்தனர். 1485-ஆம் வருஷம் அந்நாட்டிற் கொடிய க்ஷாமம் நேர்ந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சுக்களுடன் மாளவ தேசத்தை நோக்கிப் புறப்படலாயினர். சுவாமிகள் அவர்களைத் தடுத்துத் தானியங் கொடுத்துத் தாங்கினரென்ப. பஞ்சகாலத்தில் மரத்தை வெட்டி விற்பதும் விலங்கைக் கொன்று தின்பதும் எவர்க்கும் இயல்பே. அவ்விரண்டுமே அடுத்த பஞ்சத்தை இதனினுங் கொடியதாக்குமென்று அவர் கண்டனர். அவ்வருஷம் கார்த்திக மாதத்து அஷ்டமியில், முப்பத்து நான்கு வயதினராய், அக்குன்றின்மேற் கலசம் வைத்து, மந்திரித்த நீரைக் கையில் வார்த்து, வந்தோர்க்கெல்லாம் தீக்ஷை யளித்தனர். ஜாட்டு வகுப்பாரும் ராஜபுத்திரரும் பிறருமாகப் பல ஜாதியார் அந்நீரைப் பருகி ஒரு சமூகமாயினர். அவர்க்கு விதிக்கப்பட்ட நியமங்கள் 29. அந்நாட்டு மொழியில் இருபதும் ஒன்பதும் சேர்ந்த எண்ணின் பெயரினின்றே பிஷ்ணோயி யெனும் பெயர் வந்ததென்பர். விஷ்ணுவை வழிபடுவோராதலின் வந்ததென்பாரும் உளர்.

இந்நியமங்களுள் ஸ்நானம், சந்தியை, ஹோமம், அமாவாசை விரதம், பொய்யாமை, களவின்மை, கள்ளும் அபினும் புகையிலையும் நீக்கல் என்பன பிற சமயங்களிலுங் காணப்படுவனவே. மாதர் விலகியிருத்தல் பற்றிய விதிகளும் உள. அவை அக்காலத்து வழக்கை யொட்டியன, அவற்றை இக்காலத்தார்க்கு எடுத்தோத நாம் விரும்பவில்லை. நீல வஸ்திரம் தரிக்கலாகா தென்னும் விதிக்கு, அவுரிச் செடியை மிகுதியாக அழித்துச் சாயமெடுப்பதால் விலக்கினரென்று இக்காலத்தார் காரணங் கூறுவர். அது பொருத்தமுடையதாயினும், பின்னோர் கற்பித்த காரணமாகவும் இருக்கலாம். நம் கவனத்துக்கு உரியன வேறு சில. பச்சை மரத்தை வெட்டலாகாது. எல்லா ஜீவன்களிடத்தும் தயை வேண்டும். கிடாக்களையும் ஆடுகளையும் கசாப்புக்கு விற்காமல் பொதுப்பட்டியில் வைத்துக் காக்கவேண்டும். காளைக்குக் காயடிக்கலாகாது. நீரையும் பாலையும் வடிகட்டிக் கொள்ளவேண்டும். விறகை அடுப்பிலிடுமுன் உதறிப் பார்த்து, பூச்சி புழு இருப்பின் நீக்கியே எரிக்கவேண்டும்.

இக்கடைசி விதியைப் பற்றி நாம் சற்று நின்று யோசிக்க விரும்புகின்றோம். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது எறும்பின்மேல் இரக்கம் மட்டுமே. ஆயின் ஒவ்வொரு கட்டையையுங் கையிலெடுத்து நான்கு புறமும் திருப்பிப் பார்த்து அடுப்பில் வைக்கும் வீட்டில், கட்டைகள் வாரியிறைக்கப்படுமோ? பச்சை மரம் விலக்கெனின் தானே உலர்ந்து விழுந்த கிளையும் சருகுமே எஞ்சும். அவற்றைத் தேடிச் சேகரிப்பது பிரயாசை. பிரயாசைப்பட்டுச் சேர்த்ததை எவரும் வீணாக்கார். சிக்கனமாயிரு என்று அவர் உபதேசித்ததாகத் தெரியவில்லை. ஜீவகாருண்யத்தை விதித்தனர், சிக்கனம் அதன் பின்னே தானாக நடந்து வந்தது. நம் கலியாண மண்டபங்களில் பட்டப்பகலில் எரியும் நூற்றுக்கணக்கான தீபங்களையும், காலி நாற்காலிகளுக்கு வீசும் மின்விசிறிகளையும் காணுந்தோறும், அவற்றை அணைக்கும்படி பலகையெழுதி மாட்டுவோர் இம்முறையைக் கருதிப் பார்க்கலாம்.

இதனோடொத்த மற்றொரு வழக்கம், பிஷ்ணோயிகள் இறந்தோரைத் தகனஞ்செய்யாது பூமியில் அடக்கம் பண்ணுதல். ஹிந்துக்களுட் பெரும்பாலார்க்கு இது விநோதமாகத் தோன்றும். ஓர் உடலைச் சுடுதற்கு 300, 400 கிலோ விறகேனும் வேண்டும். பாலைநிலத்தில் அஃது ஒரு முழு மரம். ஆயுள் முழுதும் மரத்தைக் காத்தவன் இறந்தபின் ஒரு மரத்தை உடன்கொண்டு போதல் தகாதென்பது அவர்கள் கொள்கை. உயிருள்ள மரத்தை வெட்டாமையால், அவர்களுள் தச்சுவேலை செய்வோரும் மரம் தானே பட்டு வீழும் வரையிற் காத்திருப்பர்.

தீக்ஷையளித்த பின் 51 வருஷம் சுவாமிகள் ஊரூராகச் சஞ்சரித்தனர். பலோடிக்கருகில் ஜாம்போலாவ் என்னும் தடாகத்தை வெட்டுவித்தனர். அது இன்றும் புண்ணிய தீர்த்தமாக இருக்கின்றது. மீராபாயின் பாட்டனாராகிய ராவ் தூதா இவரிடத்து ஆசி பெற்றனரென்றும் கூறுவர். இவர் பாடிய சபதங்கள் நூற்றிருபது கிடைத்துள்ளன. ஹோமகாலத்தில் அவற்றையே அவ்வகுப்பார் ஓதுவர். 1536-ஆம் வருஷம் லாலாசர் என்னுமிடத்தில் தேகவியோகமடைந்தனர். திருமேனியை நோகாவுக்கு அண்மையிலுள்ள தால்வா கிராமத்தில் அடக்கஞ்செய்தனர். அவ்விடமே இன்று முகாம் எனப்படும் க்ஷேத்திரம்.

ஒரு மகானுடைய சரிதம் அவர் சமாதியோடு முடிவதென்பது பொதுவழக்கு. ஜாம்போஜியின் சரிதமோ, நம் அபிப்பிராயத்தில், அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷங்கட்குப் பின்னரே உச்சநிலையை யடைந்தது.

1730-ஆம் வருஷம் ஜோத்பூரில் மஹாராஜா அபயசிங்கர் ஆட்சி புரிந்தனர். அரண்மனையிற் புதிய கட்டட மெழுப்ப அவர் எண்ணினர். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்கல் நீறாக வேண்டுமாயின் காளவாயில் 900 பாகைக்குக் குறையாத வெப்பம் நெடுநேரம் நின்றெரிய வேண்டும். அதற்கு மலைமலையாக விறகு வேண்டும். பாலையில் விறகு எங்கேயுளது? மரத்தைக் காத்து வைத்திருப்பவர் ஊரிலன்றோ உளது! நகரத்துக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தென்கிழக்கிலுள்ள கேஜட்லி யென்னும் பிஷ்ணோயிக் கிராமம், வன்னி மரங்களின் மிகுதியாலேயே அப்பெயர் பெற்றது. மந்திரி கிரிதர பண்டாரியின் ஏவலால் ஆட்கள் கோடரியுடன் அங்கே புகுந்தனர்.

அப்போது அமிருதா தேவி என்னும் மாது வெளியே வந்து, தங்கள் தர்மத்துக்கு இது விரோதமென்று தடுத்தார். பணங் கொடுத்தால் மரங்களை விட்டுவிடுவதாக ஆட்கள் கூறினரென்றும், லஞ்சங் கொடுத்துத் தர்மத்தை வாங்குவது அதற்கு இழிவென்று அவர் மறுத்தனரென்றும் சொல்லப்படுகின்றது. பின்னர் அவர் தம் வீட்டருகிலிருந்த மரத்தைத் தழுவிக்கொண்டு, ஒரு மரத்துக்கு ஈடாக ஒரு தலை போவது மலிவான பேரமே என்னுங் கருத்துப்படக் கூறி நின்றார். வெட்டு விழுந்தது. அவர் புத்திரிகள் ஆஸு, ரத்னி, பாகு என்னும் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே தழுவி மாண்டனர். செய்தி சுற்றுக் கிராமங்கட்குப் பரவிற்று. எங்கணுமிருந்து பிஷ்ணோயிகள் திரண்டு வந்தனர், ஆயுதமெடுக்க அன்று. ஆளுக்கொரு மரமாகத் தழுவி நின்றனர். கிழவரை முன்னே நிறுத்துகின்றீர்களென்று மந்திரி எள்ளினரென்றும், அதன்மேல் இளைஞரும் மகளிரும் குழந்தைகளும் முன்வந்தனரென்றும் அவ்வகுப்பார் கூறுவர். மாண்டார் தொகை 363.

மஹாராஜா இதனைக் கேட்டு வெட்டுதலை நிறுத்தினர். பிஷ்ணோயிக் கிராம எல்லைக்குள் பச்சை மரம் வெட்டலும் வேட்டையாடலும் கூடாதெனச் சாசனமும் அளித்தனரென்ப. ஆயின் ஒன்றை நம் நேசர்கள் கவனிக்க வேண்டும். அக்கிராமத்தார் அன்று எதிர்த்தது வெள்ளத்தையோ க்ஷாமத்தையோ அன்று; ஒரு பெரிய அடுப்பை. அவ்வடுப்பை மூட்டியவர் அவர்களுடைய அரசரேயாவர்.

கேஜடி மரத்தை 1983-ஆம் வருஷம் ராஜஸ்தான அரசாங்கத்தார் தம் ராஜ்யத்து மரமாக அறிவித்தனர். காட்டுயிர்களைக் காத்தோர்க்கு அமிருதா தேவியின் பெயரால் இந்திய அரசாங்கத்தார் 2001 முதல் பரிசு ஏற்படுத்தினர். அவ்வூர்களில் இன்றும் வெளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் வயல்களில் மேய்கின்றன. தாயிழந்த மான்குட்டிக்குத் தம் மகவோடு சேர்த்துப் பாலூட்டிய மாதருடைய படங்களைப் பத்திரிகைகளிற் கண்டிருப்பீர்கள். 1998-ஆம் வருஷம் பிரபல சினிமா நடிக ரொருவர் மான்வேட்டையாடியதாக முறையிட்டு, இருபது வருஷம் வழக்கை விடாமல் நடத்தியவரும் இவர்களே.

சமய ஸ்தாபனங்கள் அடுப்பைக் குறைக்கும் வழிகள் இக்காலத்தில் வேறு பல தோன்றியுள்ளன. திருமலையில் 2002-ஆம் வருஷத்திலும் ஷீரடியில் 2009-ஆம் வருஷத்திலும், சூரிய கிரணங்களைப் பெருந்தட்டுக்களாற் குவித்து நீராவியுண்டாக்கி அன்னம் சமைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவை பாராட்டத்தக்கனவே. எனினும் சூரியனைக் கொண்டுவந்தவுடன் வழக்குத் தீர்ந்துவிட்டதென்று எண்ணற்க. அண்மை வருஷங்களில் பிகானீர்ப் பகுதியில், சூரிய ஒளியினின்று மின்சாரமெடுக்கும் பெரும் பண்ணைகளுக்கு இடம்வேண்டிக் கேஜடி மரங்கள் வெட்டப்படலாயின. அங்குள்ள பிஷ்ணோயிகளும் பிற கிராமத்தாரும் கிளர்ந்தெழுந்து உட்கார்ந்து மறியல் செய்தனர். புகையில்லாத மின்சாரம் தேசத்துக்கு அவசியமென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அதனை வெற்றுத் தரையிலும் வீட்டுக் கூரைகளிலும் அமைக்கலாகாதோ, மரத்தை வெட்டித்தான் அமைக்க வேண்டுமோ என்று அவர்கள் வினவுவதில் நியாயமுண்டு. சுண்ணாம்புக் காளவாயின்முன் அவர்தம் முன்னோர் வினவியதும் ஏறக்குறைய இதுவே.

முகாம் க்ஷேத்திரத்தில் பால்குன அமாவாசையிலும் ஆசுவின அமாவாசையிலும் வருஷத்துக்கு இருமுறை பெருந்திருவிழா நடைபெறுகின்றது. யாத்திரிகர் ஹோமத்துக்கு நெய்யும், பறவைகளுக்குத் தானியமுங் கொணர்கின்றனர். கேஜட்லியில் பாத்திரபத சுக்ல தசமியன்று கூடுகின்றனர். அன்று பெண்டிர் செந்நிற ஆடையும் பொன்னணிகளும் அணிந்து, அம்மரங்களினிடையே நடந்து செல்வர்.