திப்பு சுல்தானும் துப்பாக்கிப் பட்டறையும்

வேலூர்க் கோட்டையைக் காணச் செல்லும் நம் மாணவர்கள் திப்பு சுல்தானின் வாளைப் பற்றியே வினவுவர். அவர்தம் துப்பாக்கியைப் பற்றி வினவியவரை நாம் கண்டதில்லை.

1750-இல் தேவனஹள்ளியில் பிறந்த திப்பு, 1767-ஆம் ஆண்டுக் கர்நாடகப் போரில் இளமையிலேயே குதிரைப்படை நடத்தினார். தந்தையார் ஹைதர் அலி நம் வாணியம்பாடியைக் கைப்பற்றியதும் அவ்வாண்டே. 1782-இல் ஆட்சி திப்புவின் கைக்கு வந்தது.

துப்பாக்கியை விலைக்கு வாங்குவதோடு அவர் அமையவில்லை. அதைச் செய்யும் கலை தம் நாட்டில் வேரூன்ற வேண்டுமென விழைந்தார். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி சிந்த, கிண்ணி மருந்து பற்றிக் குழலுள் தீப் பாயும். அக்கல்லை முடுக்குவது ஒரு சிறு வில்தகடு. அதன் எஃகு மிக இறுகின் ஒடியும். இளகின் வளைந்தே கிடக்கும். இப்பதம் ஏட்டில் அடங்காது. வல்லாரை அடுத்திருந்து கையால் பழக வேண்டும். தோலின் பதமறிந்த ஆம்பூர்த் தொழிலாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆதலின் 1788-இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியைக் கண்ட திப்புவின் தூதர்கள், படைத்துணையோடு கைவினைஞரையும் வேண்டினர். படைத்துணை கிட்டவில்லை, கைவினைஞர் வந்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லர்கள் புலியுருவும், நபிகள் நாயகம் (ஸல்) பிறப்பையொட்டித் திப்பு வகுத்த மௌலூதி ஆண்டும் பொறித்த துப்பாக்கிகளைச் சமைத்தனர்.

1799 மே 4-இல் திப்பு ஷஹீதானார். அவர் மக்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கிகள் சில இங்கிலாந்து அரச குடும்பத்தின் தொகுப்பில் உள்ளன.