ஊரார் பிள்ளைகளுக்கும் தாயான வைத்தியர் முத்துலட்சுமி அம்மையார்

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளால் மலரும் இவ்வாண்டு மலரில், தாய்மைக்கு இலக்கணமாக வாழ்ந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை அடியார்கள் முன் வைக்கின்றேன். தான் பெற்ற பிள்ளைகளை வளர்ப்பது எல்லாத் தாய்மாருக்கும் இயல்பு. நாதியற்ற பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாக எண்ணியவர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

எமது முன்னோர் பலர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து வந்து ஊவாத் தோட்டங்களில் குடியேறியவர்கள். அந்தப் புதுக்கோட்டையிலேயே 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அக்குலத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்தது. இசைக்கும் நடனத்துக்கும் பெயர் பெற்ற அக்குலத்தவரைக் காலப்போக்கில் செல்வந்தர்கள் தம் இச்சைக்குப் பயன்படுத்தினர். தெய்வத்தின் பெயரால் நடந்த இக்கொடுமையை அம்மையார் சிறுவயது முதலே அறிந்திருந்தார்.

பெண்கள் வீட்டை விட்டு வெளியே வராத அக்காலத்தில், ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். புதுக்கோட்டை மன்னர் அனுமதி வழங்கினார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பரிசில்கள் பல பெற்று வைத்தியரானார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தமது சேவைக்குத் தடை கூறக்கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அவர் திருமணத்துக்குச் சம்மதித்தார். கணவரும் கடைசிவரை அதைக் காத்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றபோதும் பிள்ளைகளைப் பிரியாமல் உடன் அழைத்துச் சென்றார்.

நாடு திரும்பிய அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவரானார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் பிரேரணை கொண்டுவந்தபோது, இது சமய ஆசாரம், கைவைக்கக் கூடாது என்று வாதிட்டவர்கள் இருந்தனர். கோயில்களுக்கு எதிரானவர் என்றும் அவரைத் தூற்றினர். அவர் தளரவில்லை. தேவதாசிகள் அனுபவித்த மானிய நிலங்கள் கோயில் ஊழியத்துக்குக் கட்டுப்பட்டவை. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். இக்கட்டை அவிழ்க்க 1929இல் சட்டம் வந்தது. முழுத் தடைச் சட்டமோ 1947இல்தான் நிறைவேறியது. இருபது வருடங்கள் அவர் பொறுமையாக உழைத்தார். இடையில் 1930இல் காந்தியடிகள் கைதானபோது சட்டசபைப் பதவியைத் துறந்தார்.

அக்காலத்தில் பொட்டுக்கட்டலிலிருந்து தப்பிய பெண் பிள்ளைகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடமளித்துப் படிக்க வைத்தார். அதுவே சென்னை அடையாறில் அவ்வை இல்லமாக வளர்ந்து, ஆதரவற்ற எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய்வீடானது.

அவரது தங்கை புற்றுநோயால் மிகுந்த வேதனைப்பட்டு இறந்தார். அத்துயரை அம்மையார் மறக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கொரு வைத்தியசாலை எதற்கு என்று கேட்டவர்களிடமும் சென்று நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களுடன் திறக்கப்பட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும் வைத்தியராகி, அங்கேயே தம் வாழ்நாளை அர்ப்பணித்தார். தாய் காட்டிய வழியில் மகன் சென்றது அவர் வளர்ப்பின் சிறப்பாகும். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வரலாற்றை ஏன் எமது ஆலய மலரில் எழுதுகின்றேன் என்று சிலர் கேட்கலாம். எனது தாயாரும் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தவர். வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு மலைக்குளிருக்குத் துணை. வாயில் ஆறாத புண் வந்தபோது, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாதென்று பல மாதம் மறைத்தார். நாங்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. லயத்துத் தாய்மார் இன்றும் அவ்வாறே மறைக்கின்றனர். வாயில் வெள்ளைப் படலமோ, ஆறாத புண்ணோ, மார்பில் கட்டியோ கண்டால் வெட்கப்படாமல் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த வழியுண்டு.

அதேபோல், பெண் பிள்ளைகளைப் படிப்பை நிறுத்தி வெளியூருக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கமும் எம்மிடையே முற்றாக ஒழியவில்லை. வறுமை காரணம் என்பதை நான் அறிவேன். ஆனால் அம்மையாரின் கதவைத் தட்டிய பிள்ளைகளை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். தேர் இழுக்கவும் கோபுரம் எழுப்பவும் ஒன்றுசேரும் நாம், ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பதையும் ஓர் உபயமாகக் கொண்டால் அம்பாள் அதை மனமுவந்து ஏற்பாள்.

அம்மையாரைப் போன்ற தாய்மார் எமது மலைநாட்டிலும் பெருக வேண்டுமென அன்னையின் பாதம் பணிகின்றேன்.

சுபம்.

– தர்மகர்த்தா சபை உறுப்பினர்
(ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர்)