வெயிலைப் படம் பிடித்த லயனல் வென்ட்

மரக்காணம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வந்த நண்பர்களுக்கு உப்பளம் புதுசில்லை. கோவணத்தோட பாத்தியில் இறங்கி உப்பு வாரும் உடம்புகளைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தோம். அது அழகுன்னு நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், கொழும்பில் ஒருவர் அதைக் காமிராவால் சொன்னார்.

லயனல் வென்ட் 1900-ல் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் நீதிபதி. லண்டனில் சட்டமும் பியானோவும் படித்து, 1924-ல் ஊர் திரும்பினார். வக்கீல் தொழில் மனசுக்கு ஒட்டவில்லை. 1930களில் காமிராவைப் பிடித்தவர், கடைசிவரை விடவில்லை.

அம்மணப் படம்னா நமக்குக் கூச்சம். வென்ட், மீனவர், நடனக்காரர், கூலியாள் என எளிய ஆண்களைக் கோவணத்தோடும், அதுகூட இல்லாமலும், சிற்பி சிலையைப் பார்க்கும் மரியாதையோடு படமெடுத்தார். 1934-ல் 'சாங் ஆஃப் சிலோன்' படத்துக்குக் குரல் கொடுத்தார். 1943-ல் ஓவியர்கள் '43 குழு'வாகச் சேர முன்னின்றார்.

1944 டிசம்பரில், 44 வயதிலேயே காலமானார். அதன்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்கள்தான் மிச்சம். 1950-ல் அவை நூலாயின. 1953-ல் அவர் வீடு இருந்த இடத்தில் அவர் பெயரில் கலை அரங்கம் எழுந்தது.

போட்டோ தாளில் இருப்பதும் ஒருவகை உப்புதான்; வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டால் கருக்கும், உப்பளத்தார் தோல் மாதிரி. அடுத்த தடவை ஊருக்குப் போனால், வரப்பில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவர்களை நிமிர்ந்து பாருங்கள்.