ட்ரூவா, ஃபால்ஸா? டேட்டாபேஸுக்குள் வாழும் ஜார்ஜ் பூல்!

ஃபுட் டெலிவரி ஆப்பில் 'சைவம்', '4 ஸ்டாருக்கு மேல்' என ரெண்டு ஃபில்டரைத் தட்டுகிறோம். ரெண்டுக்கும் 'ஆம்' என வரும் ஹோட்டல் மட்டுமே திரையில் நிற்கும். இந்த ஆம், இல்லை கணக்குக்கு வயசு 170-க்கும் மேல். எழுதியவர் கல்லூரிப் பட்டமே வாங்காத ஜார்ஜ் பூல்.

16 வயதில் குடும்பப் பாரம்

1815 நவம்பர் 2-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். ஆனால், அவர் மனசு முழுக்கத் தொலைநோக்கி செய்வதில்தான். தொழில் படுத்துவிட, 16 வயதிலேயே பூல் பள்ளி ஆசிரியரானார். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. 19 வயதில் சொந்தப் பள்ளி. கிடைத்த நேரத்தில் உயர்கணிதத்தைத் தானாகவே படித்தார்.

1844-ல் ராயல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1849-ல், டிகிரி இல்லாமலே, அயர்லாந்தின் கார்க் நகரக் குயின்ஸ் கல்லூரியில் முதல் கணிதப் பேராசிரியரானார்.

ஏன் 0, 1 மட்டும்?

நாம் யோசிக்கும் விதத்தையே கணக்காக எழுத முடியுமா? இதுதான் பூலின் கேள்வி. 1847-லும் 1854-லும் வந்த அவரது ரெண்டு புத்தகங்களும் இதைப் பற்றியவைதான்.

'சைவம்' ஃபில்டரை ரெண்டு முறை போட்டாலும் ரிசல்ட் மாறாது. அதாவது, ஒன்றை அதாலேயே பெருக்கினால் அதுவேதான் வரணும். அப்படி வரும் எண்கள் ரெண்டே ரெண்டுதான்: 0, 1. ஒன்று என்றால் எல்லாம், பூஜ்யம் என்றால் எதுவுமில்லை. பெருக்கல் 'அண்ட்' ஆனது. 1-லிருந்து கழித்தால் 'நாட்'. கூட்டலிலிருந்து 'ஆர்' வந்தது.

மழையில் முடிந்த வாழ்க்கை

1864 நவம்பரில் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்தே போனார் பூல். ஈர உடையோடு பாடம் எடுத்தார். காய்ச்சல் முற்றி, டிசம்பர் 8-ல் இறந்தார். வயது 49. ஐந்து மகள்களில் கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

தன் கணக்கு எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பார்க்க அவர் இல்லை. 1937-ல், அமெரிக்க மாணவர் கிளாட் ஷானன், மின் சுவிட்சின் ஆன், ஆஃப் நிலைகளுக்கு இதே கணக்கு பொருந்தும் எனக் காட்டினார். டிஜிட்டல் சர்க்யூட்டுகளுக்கு அதுவே அடித்தளம்.

எஸ்க்யூஎல்-ல் பூல்

டேட்டாபேஸுக்கென்றே உருவான மொழி எஸ்க்யூஎல். ட்ரூ, ஃபால்ஸ் வைக்கும் டேட்டா டைப்புக்கு அதில் 'பூலியன்' என்றே பெயர். கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கல் வருவதுபோல, இங்கே 'ஆர்'-க்கு முன் 'அண்ட்' வேலை செய்யும். 'மதுரை ஆர் கோவை அண்ட் சைவம்' என எழுதினால், மதுரையின் அசைவ ஹோட்டல்களும் வந்துவிடும். முதல் ரெண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் சரி.

பூல் யோசிக்காத மூன்றாவது நிலையும் இதில் உண்டு: 'நல்'. தகவலே இல்லை என்று அர்த்தம். ஊர் பெயர் காலியாக இருக்கும் வாடிக்கையாளர், 'மதுரை' எனத் தேடினாலும் வரமாட்டார். 'மதுரை அல்ல' எனத் தேடினாலும் வரமாட்டார். அடுத்த முறை ரிப்போர்ட்டில் ஆள் குறைந்தால், முதலில் 'நல்'லைப் பாருங்க.