பியோ டெல் ரியோ ஒர்த்தேகா

பியோ டெல் ரியோ ஒர்த்தேகா (மே 5, 1882 - ஜூன் 1, 1945) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் திசுவியல் ஆய்வாளரும் ஆவார். மூளையின் நோய் எதிர்ப்பு உயிரணுக்களான மைக்ரோகிளியாவைத் தெளிவாக இனங்கண்டு பெயரிட்டவர் இவரே.

வாழ்க்கை

வயாதோலித் மாகாணத்திலுள்ள போர்த்தில்யோ என்னும் ஊரில் பிறந்தார். வயாதோலித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற பின்னர், மத்ரித் நகரில் நிக்கோலாஸ் அச்சூக்காரோவிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1918 இல் அச்சூக்காரோ இளம் வயதிலேயே காலமானார். அதன் பின்னரும் ஒர்த்தேகா, 1906 இல் நோபல் பரிசு பெற்ற ரமோன் இ கஹாலின் ஆதரவில் ஆய்வைத் தொடர்ந்தார்.

மைக்ரோகிளியா கண்டுபிடிப்பு

நரம்பணுக்களும் ஆஸ்ட்ரோசைட்டுகளும் நீங்கலாக மூளையில் எஞ்சிய உயிரணுக்களைக் கஹால் 1913 இல் மூன்றாம் கூறு என வகைப்படுத்தினார். அவரது சாயமேற்றும் முறையில் இவற்றின் கிளைகள் புலப்படவில்லை. எனவே இவை கிளைகளற்றவை எனக் கருதப்பட்டன. ஒர்த்தேகா வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு புதிய சாயமுறை ஒன்றை உருவாக்கினார். அதன் மூலம், மூன்றாம் கூறு எனப்பட்டது உண்மையில் மைக்ரோகிளியா, ஒலிகோடெண்ட்ரோகிளியா என்னும் இருவேறு வகைகள் என நிறுவினார். மைக்ரோகிளியா பற்றிய கட்டுரைகள் 1919 இல் வெளியாயின.

காயத்தின்போது நிகழும் மாற்றங்கள்

இயல்பு நிலையில் மைக்ரோகிளியா சிறிய உடலும் மெல்லிய பல கிளைகளும் கொண்டது. மூளையில் காயம் ஏற்பட்டால் அதன் கிளைகள் குறுகித் தடிக்கின்றன. உடல் பருத்து உருண்டையாகிறது. பின்னர் அது காயமுற்ற இடத்திற்கு நகர்ந்து, பெருகி, இறந்த திசுக்களை விழுங்கி அகற்றுகிறது. உயிரற்ற திசுச் சீவல்களை மட்டுமே நுண்ணோக்கியில் கண்டு, இந்த இயக்கத்தை ஒர்த்தேகா உய்த்துணர்ந்தார்.

கருத்து வேறுபாடும் புலம்பெயர்வும்

கஹாலுடன் ஏற்பட்ட பிணக்கினால் 1920 இல் அவரது ஆய்வுக்கூடத்திலிருந்து ஒர்த்தேகா வெளியேற்றப்பட்டார். எனினும் மத்ரித்திலேயே வேறோர் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். கனடாவில் பிற்காலத்தில் புகழ்பெற்ற நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1924 இல் அங்கு வந்து அவரிடம் பயின்றார். 1936 இல் உள்நாட்டுப் போர் மூண்டதால் ஒர்த்தேகா நாட்டை விட்டு வெளியேறிப் பாரிஸ், ஆக்ஸ்போர்டு நகரங்களில் பணியாற்றினார். 1940 இல் அர்ஜென்டினா சென்றார். புற்றுநோயால் புவெனஸ் ஐரிஸ் நகரில் காலமானார். அவரது உடல் எச்சங்கள் 1986 இல் வயாதோலித்திற்குக் கொண்டுவரப்பட்டன.

பிற்கால உறுதிப்பாடு

2005 இல் உயிருள்ள எலிகளின் மூளையை ஒளிப்படமெடுத்த ஆய்வாளர்கள், லேசர் கதிரால் ஏற்படுத்தப்பட்ட நுண்காயத்தை நோக்கி மைக்ரோகிளியாவின் கிளைகள் சில நிமிடங்களிலேயே நீள்வதைக் கண்டனர். காயமற்ற மூளையிலும் அக்கிளைகள் ஓயாது அசைந்து சுற்றுப்புறத்தைத் துழாவுகின்றன என்பதும் தெரியவந்தது. இவ்வுயிரணுக்கள் பிற மூளை உயிரணுக்களைப் போலன்றி, மூளைக்கு வெளியே தோன்றிக் கருவளர்ச்சியின்போது உள்ளே நுழைபவை என்ற ஒர்த்தேகாவின் கருத்தும் 2010 இல் வெளியான எலி ஆய்வினால் வலுப்பெற்றது.