பெல் செய்த இன்னொரு கருவி

(இ.சி.இ. இரண்டாம் ஆண்டு மாணவன், ஆறுமுகநேரி)



அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்றதும் சின்னப் பிள்ளைகூட டெலிபோன் என்று சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு நாமெல்லாம் எழுதிய பதில் அது. ஆனால் அவர் செய்த இன்னொரு கருவியைப் பற்றி நம்மில் பல பேருக்குத் தெரியாது. கோயில் வாசலிலும் ரயில் நிலையத்திலும் போலீஸ்காரர் கையில் இருக்கிறதே மெட்டல் டிடெக்டர், அதற்குத் தாத்தா முறை அந்தக் கருவி. எந்த வேலைக்காக அதைச் செய்தார்களோ அந்த வேலையில் அது தோற்றுப்போனது. தோற்ற கருவி 140 ஆண்டுக்கு மேல் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

இளமைப் பருவம்

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். வாயும் நாக்கும் எப்படி அசைந்தால் எந்த ஒலி வரும் என்பதைப் படக் குறிகளால் எழுதும் முறையை உருவாக்கியவர். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒலியைப் பற்றியே பேசும் அப்பா, ஒலி கேட்காத அம்மா. இந்த இருவருக்கும் நடுவில் வளர்ந்த பையனுக்கு ஒலியின் மேல் ஆசை வந்ததில் அதிசயம் என்ன?

பள்ளிப் படிப்பில் அவர் பெரிய புலி இல்லை. 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டார். கூடப் பிறந்த இரண்டு சகோதரர்களையும் காசநோய் கொண்டுபோனது. மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-இல் ஊரையே விட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மறு வருடம் பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆனார். பின்னாளில் அவர் கைப்பிடித்த மேபல் அம்மையாரும் ஐந்து வயதில் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காது கேளாதவர்கள் கை ஜாடை மொழியை விட்டு, உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்க வேண்டும் என்று பெல் பிடிவாதமாக இருந்தார். அதனால் ஜாடை மொழி பல பள்ளிகளில் ஓரங்கட்டப்பட்டது. அந்த வருத்தம் காது கேளாதோர் மத்தியில் இன்றும் உண்டு. பெரிய மனிதர் நினைப்பதெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

ஒர்க் ஷாப்காரர் வாட்சன்

டெலிபோன் கதை எல்லோரும் அறிந்தது. 1876 மார்ச் 7-இல் பேட்டன்ட் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10-இல், கம்பி வழியாகப் பேச்சு புரியும்படி கேட்டது. அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டவர் தாமஸ் வாட்சன்.

இந்த வாட்சனை நாம் மறக்கக் கூடாது. அவர் பட்டம் படித்தவர் இல்லை. பாஸ்டனில் மின்கருவி செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். டெலிபோன் பேசிய அன்று அவருக்கு வயது 22. பெல்லுக்கு மூளையில் ஆயிரம் யோசனை இருந்தது; மின்சாரத்தில் கை வேலை அவ்வளவாக வராது. காயில் சுற்றியது, தகடு வெட்டியது, ஸ்க்ரூ முடுக்கியது எல்லாம் வாட்சன். அதற்கு மரியாதையாகக் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு வாட்சனுக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். டிப்ளமோ படித்து என்ன ஆகப்போகிறாய், என்ஜினீயர் வேறே, நீங்க வேறே என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எங்களுக்கும் உண்டு. வாட்சன் கதையைப் படித்த பிறகு அந்தப் பேச்சு என்னைச் சுடுவதில்லை.

குண்டைத் தேடிய கோடைக்காலம்

இனி நம்ம கருவிக்கு வருவோம். 1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு பதவி ஏற்று நான்கு மாதம்கூட முடியவில்லை. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டது.

எக்ஸ்ரே வந்தது 1895-இல்தான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று பார்க்க அன்றைக்கு வழி கிடையாது. டாக்டர்கள் கழுவாத விரலையும் கம்பியையும் காயத்துக்குள் விட்டுத் தேடினார்கள். நாடே தவித்துக்கொண்டிருந்தது. செய்தி கேட்ட பெல்லுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. டெலிபோன் கம்பிகளில் பக்கத்துத் தந்திக் கம்பியின் இரைச்சல் வந்து கலப்பதை நீக்க அவர் முன்பே ஒரு வழி கண்டிருந்தார். அதே வழியில் உலோகத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றியது. டெயின்டர் என்ற கருவி வல்லுநருடன் சேர்ந்து இராப்பகலாக உழைத்தார்.

கருவி ரொம்ப எளிமையானது. இரண்டு காயில். ஒன்றில் விட்டு விட்டு வரும் மின்சாரம். இன்னொன்றின் முனையில் டெலிபோன் ரிசீவர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படும்படி வைத்து மெல்ல நகர்த்தினால் ஓர் இடத்தில் சத்தம் அப்படியே அடங்கிவிடும். முதல் காயிலின் காந்தப் புலம் உள்பக்கம் ஒரு திசையிலும் வெளிப்பக்கம் எதிர்த் திசையிலும் இருப்பதால், இரண்டாவது காயிலில் உண்டாவது ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம் ஆகிவிடுகிறது. நம்ம லேப்பில் வீட்ஸ்டோன் பிரிட்ஜ் சமன் ஆனதும் கால்வனாமீட்டர் முள் நடுவில் நிற்குமே, அது போலத்தான். அந்த நேரம் பக்கத்தில் ஒரு உலோகம் வந்தால் சமன் குலையும். ரிசீவரில் சத்தம் கேட்கும்.

இறைச்சித் துண்டுக்குள் குண்டை வைத்துச் சோதித்தார்கள். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு அதை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வரவழைத்துச் சோதித்தார்கள். சத்தம் கேட்டது. ஜூலை 26 அன்று கருவி வெள்ளை மாளிகைக்குப் போனது. ஆனால் அன்றைக்கு ஒரே கரகரப்பு. திரும்பி வந்து பார்த்தால் ஒரு கண்டென்சர் ஒரு பக்கம் மட்டும்தான் இணைக்கப்பட்டிருந்தது! பிராக்டிகல் எக்ஸாமில் எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது நமக்கு நடக்கிறதுதானே இது.

சரிசெய்துகொண்டு ஆகஸ்ட் 1-இல் மறுபடி போனார். இந்த முறை சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் இல்லாமல் பரந்த இடத்தில் மெல்லிசாகக் கேட்டது. குழம்பிப்போன பெல் பிறகு விசாரித்ததில் ஜனாதிபதியின் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பி மெத்தை ஒன்று இருந்தது தெரிந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறே. குண்டு வலது பக்கம்தான் என்று தலைமை டாக்டர் முடிவு கட்டிவிட்டார். அந்தப் பக்கம்தான் தேட விட்டார். செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடது பக்கம் ஆழத்தில் இருந்தது.

இதற்கு நடுவில் ஆகஸ்ட் 15-இல் பெல்லுக்குக் குறைமாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் இறந்துபோனது. அந்தத் துக்கத்துக்குப் பிறகும் அவர் கருவியை விடவில்லை. மேலும் திருத்தினார். மறு வருடம் செய்முறை முழுவதையும் விஞ்ஞானிகள் சபையில் கட்டுரையாக வாசித்தார். எக்ஸ்ரே வரும்வரை டாக்டர்களுக்குக் குண்டு தேட இந்த வழி உதவியது. தோல்வி என்று மூலையில் போட்டிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும்.

பழசு பழசுதானா?

பெல்லுக்குப் பிறகு அந்தத் தத்துவம் பல கை மாறியது. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி செய்த கண்ணிவெடி தேடும் கருவி 1942-இல் எல் அலமெய்ன் போரில் ஏராளமான உயிரைக் காத்தது. போருக்குப் பிறகு ராணுவம் கழித்துக் கட்டிய கருவிகளை வாங்கிப் பொழுதுபோக்காகக் கடற்கரையில் தேட ஆரம்பித்தவர்கள் மேல்நாடுகளில் பலர். இன்றைய விலை உயர்ந்த டிடெக்டரிலும் அனுப்ப ஒரு காயில், வாங்க ஒரு காயில், நடுவில் ஒரு சமன். பெல் வைத்த அடுப்பில்தான் இன்றும் சமையல் நடக்கிறது என்றால் அது மிகையாகாது.

நம்ம பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் பல வருடம் முன் தானே செய்த டிடெக்டர் ஒன்றை வைத்திருக்கிறார். இது பெல் வகை இல்லை, பி.எஃப்.ஓ. வகை. இதில் இரண்டு ஆஸிலேட்டர். ஒன்று எப்போதும் 1,00,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடும் காயிலோடு சேர்ந்தது 1,00,200-இல் ஓடினால் வித்தியாசமான 200 ஹெர்ட்ஸ் ஹெட்போனில் கேட்கும். உலோகம் நெருங்கினால் காயிலின் இன்டக்டன்ஸ் மாறும். சத்தத்தின் சுருதியும் மாறும். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் கடற்கரையில் நடந்தால் அண்ணாச்சிக்குக் கிடைப்பது வலையில் இருந்து விழுந்த ஈயக் குண்டு, படகு ஆணி, சில்லறைக் காசு. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்தக் கருவி ஊமையானபோது என்னிடம் தந்தார். மூடியைக் கழற்றினால் நாலைந்து டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், கண்டென்சர், அவ்வளவுதான். புத்தகத்தில் படித்த ஆஸிலேட்டர் கண் முன்னால் கிடந்தது. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனேன். காய்ந்துபோன ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். சில ரூபாயில் மாற்றினேன். மறுபடி பாட ஆரம்பித்தது.

புது டிடெக்டர் ஆழமாகத் தேடும்; இரும்பா, வெள்ளியா என்று திரையில் நம்பர் காட்டும். மறுக்கவில்லை. ஆனால் அதன் உள்ளே இருப்பது புரோகிராம் ஏற்றிய சிப். அது போனால் போர்டையே மாற்ற வேண்டும். நம் கைக்கு அங்கே வேலை இல்லை. பழசு நம்மை உள்ளே விடும்.

இன்னொன்று, பழசு காதைப் பழக்கும். நம்ம மண் டிடெக்டருக்குச் சுலபமான மண் இல்லை. ஆறுமுகநேரி உப்பளப் பக்கம் ஈர மண்ணில் உப்பு இருப்பதால் மண்ணே மின்சாரம் கடத்தும். உலோகம் இல்லாமலே சத்தம் வரும். குதிரைமொழித் தேரிச் செம்மணலில் சிவப்பைத் தருவதே இரும்பு ஆக்சைடு. கடற்கரைக் கருமணலிலும் இரும்புத் தாது உண்டு. தலைப்பைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பிடிக்காவிட்டால் சுருதி அலையும். மண்ணின் சத்தம் எது, காசின் சத்தம் எது என்று காதால்தான் பிரிக்க வேண்டும். இரும்புத் துண்டு சுருதியை ஒரு பக்கமும் செம்பு, வெள்ளி எதிர்ப் பக்கமும் தள்ளும் என்பார்கள். மெல்லிய தகர மூடியோ செம்பு மாதிரியே நடித்து ஏமாற்றும். எடி கரன்ட் என்றால் என்ன என்று அந்த மூடிதான் எனக்குப் புரிய வைத்தது.

புதையல் ஆசை வேண்டாம்

கருவி கையில் இருப்பதைப் பார்த்ததும் தெருவில் முதல் கேள்வி புதையல் கிடைக்குமா என்பதுதான். நம்ம மாவட்டத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை. ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகளும் வெண்கலப் பொருள்களும் தங்க நெற்றிப் பட்டங்களும் எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. எந்தக் குழியில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான் அந்தப் பொருள்கள் இன்றும் பேசுகின்றன. ராத்திரியில் ஒருவன் தோண்டி எடுத்து விற்றால் அது வெறும் தகரம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைப்பதே குற்றம். பொழுதுபோக்குக்காரருக்கு நேற்று யாரோ தொலைத்த மோதிரம் போதும். அதைத் தேடித் திருப்பிக் கொடுக்கிற சந்தோஷம் புதையலுக்குக் குறைந்தது இல்லை.

இறுதிக் காலம்

பெல் கடைசிவரை ஓயவில்லை. விமானம், தண்ணீரில் சறுக்கும் படகு என்று எதையாவது செய்துகொண்டே இருந்தார். 1919-இல் அவருடைய குழு செய்த படகு மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. அப்போது அவருக்கு 72 வயது. 1922 ஆகஸ்ட் 2-இல் கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் காலமானார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்காவின் டெலிபோன்கள் எல்லாம் ஒரு நிமிடம் ஊமையாயின.

நண்பர்களே! அவருடைய டெலிபோனை இன்று யாரும் அந்த உருவத்தில் பயன்படுத்துவதில்லை. தோற்றுப்போன அவருடைய இரட்டைக் காயிலோ அப்படியே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆகவே பழைய ரேடியோ, பழைய டிடெக்டர் எது கிடைத்தாலும் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். சர்க்யூட்டைப் பேப்பரில் வரையுங்கள். ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடியுங்கள். நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்குச் செலவில்லாத லேப் அதுதான். வேலைக்கான இன்டர்வியூவில் கை நடுங்காமல் பதில் சொல்ல அது போதும்.